இடது கைச் சுண்டுவிரல்

எங்கள் முகாமில் யாரும் டாக்டரிடம் போக மாட்டார்கள். கணுக்கால் பிசகினாலும் சரி, பல் விழுந்தாலும் சரி, முதலில் என்னிடம்தான் வருவார்கள். நான் ராணுவக் கால்பந்து அணியில் கால் பிடித்துவிடுகிறவன், அவ்வளவுதான். ஆனால் டாக்டர் காகிதம் எழுதுவார், நான் எழுத மாட்டேன். காகிதம் எழுதப்பட்டால் அடிபட்ட பையன் மறுநாளே தன் படைப்பிரிவுக்குத் திரும்ப வேண்டும். படைப்பிரிவு பஸ்ராவுக்குக் கிழக்கே, சேற்றில், பீரங்கிகளுக்கு நேர் எதிரே இருந்தது. அங்கே போனவர்களில் பலர் டாக்ஸியின் கூரைமேல், கொடி சுற்றிய பெட்டியில்தான் பாக்தாத் திரும்பினார்கள்.

ஈரானோடு போர் தொடங்கி ஐந்தாவது வருடம் அது. நாங்கள் ராணுவ அணிகளுக்கான உலகக் கோப்பைக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். எல்லா நாட்டுப் படைகளும் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வந்து பந்து விளையாடும் போட்டி. விளையாட்டால் நட்பு வளரும் என்று மைதானத்தில் பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். படித்துவிட்டு நாங்கள் சிரிப்போம்.

முகாமில் மூன்று கோல்கீப்பர்கள். விமானத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம். மூன்றாமவனுக்கு பஸ்ரா பஸ். இது சமையல்காரன் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

புறப்படுவதற்குப் பதினோரு நாள் முன்னால், காலைப் பயிற்சி முடிந்ததும் ஹாதிஃப் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். மூவரில் மூத்தவன் அவன். மனைவி ஏழு மாதக் கர்ப்பம். கையுறையைக் கழற்றினான். இடது கைச் சுண்டுவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கி, பக்கவாட்டில் வளைந்து நின்றது.

"அபு ஜலீல், பிசகுதான? ஒடியலைல்ல?"

"ஒடிஞ்சிருக்குடா."

"அப்படிச் சொல்லாதய்யா. பிசகுன்னு சொல்லு."

"நான் சொன்னா எலும்பு கேக்குமா?"

அவன் அழுதான். ஆறடி இரண்டு அங்குலம், அழுதால் பார்க்கச் சகிக்கவில்லை. "என் பிள்ளை முகத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போறேன். அதுக்கப்புறம் எங்க வேணா அனுப்பட்டும்," என்றான். நான் விரலை நேராக இழுத்து, பிளாஸ்திரி சுற்றினேன். யாரிடமும் மூச்சு விடாதே என்றேன். எனக்கு அப்போது பெருமையாகவே இருந்தது. கடவுள் வேலையில் பாதியை நான் செய்கிற மாதிரி ஒரு நினைப்பு. மூன்றாவது ஆளை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

மூன்றாவது ஆள் ஷாக்கிர். இருபத்திரண்டு வயது, பாக்தாதில் காஸிமியாப் பக்கத்துப் பையன். தந்தூர் அடுப்பிலிருந்து வந்த ரொட்டியைச் சூடு ஆறுவதற்குள் நாலு தின்பான். வாய் ஓயாது. "அபு ஜலீல், உன் கை பட்டா நொண்டி நடப்பான், நடக்கிறவன் நொண்டுவான்," என்பான். அவனை நான் பூட்ஸால் அடிப்பதுபோல ஓங்குவேன்.

கடைசி நாள், அணிக்குப் பொறுப்பான கர்னல் தேர்வு வைத்தார். ஆளுக்குப் பத்து பெனால்டி. ஹாதிஃபிடம் முன்னமே சொல்லியிருந்தேன்: வலப்பக்கமே பாய், இடது கையை மறந்துவிடு. மருத்துவ உதவியாளன் ஒருவனைப் பிடித்து மரத்துப்போகும் ஊசியும் போட வைத்திருந்தேன். ஹாதிஃப் நாலு பிடித்தான். முனீம் என்பவன் இரண்டாமவன், ஐந்து பிடித்தான். ஷாக்கிர் மூன்று. பத்தாவது பந்து அவன் கைக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போனபோது, "அதை எங்க வீட்டுக் கோழி பிடிக்கும்டா!" என்று நான்தான் கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் என் நாக்கை அறுத்துப் போடலாம்போல இருக்கிறது.

மதியம் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஷாக்கிர் மூட்டையோடு என் அறைக்கு வந்தான்.

"ஒரு சுருள் பிளாஸ்திரி குடு. அங்க கிடைக்காது."

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான்.

"அபு ஜலீல், நீ கட்டுறது தளந்துபோகுது. சுண்டுவிரலை மோதிரவிரலோட சேத்துக் கட்டு. அப்பதான் நிக்கும்."

பிளாஸ்திரிப் பெட்டியை மூடினேன். "யார் விரலை?"

"யார் விரலையா? என்னையே கேக்குறியா? என் ஷாட்லதான ஒடிஞ்சுது."

கோல்கீப்பர்கள் ஒருவருக்கொருவர் பந்தடித்துத்தான் பயிற்சி செய்வார்கள். அது என் மூளைக்கு எட்டவில்லை.

"தெரிஞ்சுமா பேசாம இருந்த? கர்னல்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு நீ விமானத்துல போவடா!"

"சொல்லி? நானே அவன் விரலை ஒடிச்சு, நானே காட்டிக் குடுத்து, அவன் இடத்துல நான் ஏறிப் போறதா? ஊர்ல எவன் முகத்துல முழிப்பேன்?" பிறகு வழக்கம்போலச் சிரித்தான். "விடு. உங்க வீட்டுக் கோழியை முனீமுக்குத் துணையா கூட்டிட்டுப் போ."

கர்னலின் அறை என் அறையிலிருந்து நாற்பது அடி. ஒரு மணி நேரம் இருந்தது. நான் போகவில்லை. போனால் ஹாதிஃப் அந்த பஸ்ஸில் ஏறுவான், பொய் சொன்னதற்கு நானும் அவன் பக்கத்தில் உட்காருவேன். இரண்டில் எதற்குப் பயந்தேன் என்று இத்தனை வருடமாகக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவதற்குத்தான்.

போட்டி நடந்த ஊரில், மூத்தவன் என்று ஹாதிஃபைத்தான் கர்னல் முதல் ஆட்டத்தில் இறக்கினார்; அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இடப்பக்கம் வந்த பந்துக்கு ஹாதிஃப் தன்னை மறந்து கை நீட்டினான். கையுறையைக் கழற்றியபோது பிளாஸ்திரியை மீறி எலும்பு தோலுக்கு வெளியே தெரிந்தது. முனீம் இறங்கினான். கர்னல் என்னிடம், "புதுசா அடிபட்டதா?" என்றார். "ஆமாய்யா, இப்பத்தான்," என்றேன். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டார்கள்.

மாற்றுக் கோல்கீப்பர் வேண்டுமென்று, ஷாக்கிரை உடனே அனுப்பும்படி கர்னல் அன்றே தந்தி கொடுத்தார். நான் ஹோட்டல் மாடிப்படியில் உட்கார்ந்து கைகூப்பாத குறையாக வேண்டினேன். என் பொய்யே அவனைக் காப்பாற்றிவிடும் என்று நம்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. அவன் போன வியாழக்கிழமையே இறந்துவிட்டான். நாங்கள் தந்தி கொடுத்தது சனிக்கிழமை.

போட்டியில் மூன்றாம் இடம் கிடைத்தது. ஒரு வெண்கலக் கோப்பை. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

ஷாக்கிரின் சந்தில் துக்கப் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. கசப்புக் காப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நானும் ஹாதிஃபும் வாசல் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். அவன் மாவுக்கட்டைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டே இருந்தான். நாங்கள் யாரென்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கறுப்பு அபாயா அங்கியைப் போர்த்திக்கொண்டு ஷாக்கிரின் தாய் வீட்டு வாசலுக்கு வந்தாள். நாங்கள் எழுந்து நின்றோம்.

"பந்து விளையாடுற பிள்ளைங்களா?"

"ஆமா உம்மா."

அவள் கண் ஹாதிஃபின் கையில் விழுந்தது. சட்டைக் கையை அவளே மேலே தள்ளிப் பார்த்தாள்.

"நீதானா அது! பஸ்ரா போறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, முகாம்லேருந்து அரை நாள் லீவுல வந்தான். 'உம்மா, எங்க கூட்டத்துல ஒருத்தனுக்கு விரல் ஒடிஞ்சிருக்கு, நான்தான் ஒடிச்சேன். அது கூடுற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது'ன்னான். நான் காஸிமியா தர்காவுக்குப் போயி, ஜன்னல் கம்பில பச்சைத்துணி கட்டிட்டு வந்தேன். பிள்ளை பேரு தெரியாது, விரலுக்குன்னு சொல்லிக் கட்டினேன்."

மகனுக்காகக் கட்டவில்லையா என்று யாரோ ஒரு கிழவர் கேட்டார்.

"ஒரு நாள்ல ஒண்ணுதான் கேக்கணும்னு அவன்தான் சொன்னான். நாளைக்கு எனக்குக் கட்டிக்கலாம்னான். மறுநாள் போனேன், கூட்டமா இருந்துச்சு, கட்டாம வந்துட்டேன்."

அவளுக்கு எதுவும் தெரியாது. அந்த விரல் ஒடிந்திருந்ததை ஒருவன் வாயைத் திறந்து சொல்லியிருந்தால், மகன் இப்போது உள்ளே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுத்தேன். ஆறிப்போன காப்பியைத்தான் குடித்தேன்.

அவள் மாவுக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கூடிடுச்சா கண்ணு?"

ஹாதிஃப் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"கூடிடுச்சு உம்மா," என்றான்.

அவள் அந்தக் கட்டின்மேல் முத்தமிட்டாள். துணியை அவிழ்க்க வேண்டுமே, நேர்ந்தது பலித்தால் அவிழ்த்துவிட வேண்டுமல்லவா என்று சொல்லிக்கொண்டே, செருப்பைத் தேடினாள்.