இடது கைக்கு ஒரு டிராயர்

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வலது கையும் வலது காலும் போய்விட்டன. வாய் மட்டும் கொஞ்சம் குழறலோடு தப்பித்துக்கொண்டது. அந்த வாயிடம் நெருங்க வாதத்துக்கே பயம் என்று நான் சொல்வேன், அவள் சிரிப்பாள். பாதி முகம்தான் சிரிக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். ஆனாலும் அவளைச் சிரிக்கவைப்பதை நான் நிறுத்தவில்லை.

நான் தச்சன். ஒரு பட்டறையில் அலமாரி, மேஜை, கட்டில் செய்கிறவன். காலை எட்டு மணிக்குப் போனால் பகல் ஒரு மணிக்குத்தான் வீடு திரும்புவேன். அந்த ஐந்து மணி நேரமும் அவள் தனியாகத்தான் கிடக்க வேண்டும். கிளம்பும்முன் அவளைத் தலையணைகளில் சாய்த்து உட்காரவைத்து, இடது பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, தண்ணீர், பதினோரு மணி மாத்திரை, மூக்குக்கண்ணாடி, கைக்குட்டை, போன் எல்லாவற்றையும் அதன்மேல் வைத்துவிட்டுப் போவேன். இடது கைக்கு அந்த வேலையெல்லாம் புதிது. ஒன்றை எடுக்கப் போய் இன்னொன்றைத் தட்டிவிடும்.

ஒரு திங்கட்கிழமை போனைத் தட்டிவிட்டது. அதை எட்டிப் பிடிக்கப் போய்க் கண்ணாடியும் மாத்திரையும் கூடவே போயின. நான் வந்தபோது உடம்பு பாதி கட்டிலுக்கு வெளியே தொங்க, கட்டில் சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். துணியெல்லாம் ஈரம். எவ்வளவு நேரமாக இப்படி என்று கேட்டேன்.

"மணி தெரியல. கண்ணாடி கீழ கெடக்கு" என்றாள்.

வெளியூரில் இருக்கும் மகளிடம் மாலையில் அவளே சொல்லிவிட்டாள். மகள் என்னைப் போனுக்குக் கூப்பிட்டாள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வர்றேன். அம்மா இனிமே எங்கூட இருக்கட்டும்."

"அவளைக் கூட்டிட்டுப் போயிட்டா நான் இங்க எந்தச் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறது?"

"நீங்களும் வாங்களேன்."

போகலாம்தான். இரண்டே அறை உள்ள வீட்டில் ஏற்கெனவே ஐந்து பேர். நான் அங்கே எதை மிதிக்காமல் நடப்பது? அதோடு எனக்குத் தெரிந்த ஒரே தொழில் இந்த ஊர்ப் பட்டறையில் இருக்கிறது. நான் பதில் சொல்லத் திணறுவதைப் பார்த்து, கட்டிலில் இருந்தவள் போனைக் கேட்டு வாங்கினாள்.

"எனக்கு இந்தக் கட்டில் போதும்டி. எஞ்சாமான நானே எடுத்துக்க முடிஞ்சா இங்கயே இருந்துக்குவேன். சும்மா ஏங்க, ஏங்கன்னு எதுக்கெடுத்தாலும் யாரையாவது கூப்பிட்டுட்டுக் கெடக்கறதுதான் கஷ்டமா இருக்கு."

போனை அவளிடமிருந்து நான் திரும்ப வாங்கினேன். மகள், "சரி, ஞாயித்துக்கிழமை நான் வந்து என் கண்ணால பாக்கறேன். அம்மா தானே எடுத்துக்கிட்டாங்கன்னா இருக்கட்டும். இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் எங்கிட்ட வாதாடக் கூடாது" என்றாள்.

வாதாட மாட்டேன் என்றேன். ஸ்டூலின்மேல் இருப்பதால்தானே சாமான் விழுகிறது? ஒரு டிராயருக்குள் இருந்தால் எங்கே போய் விழும்? ஐம்பது வருஷ வாழ்க்கையில் ஆயிரம் டிராயர் செய்தவன் வீட்டில் பிளாஸ்டிக் ஸ்டூல்! என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அன்று மாலையே டேப்பை எடுத்தேன். வெறும் கட்டிலை அளந்து மேஜை செய்கிற அரைகுறைகள் உண்டு, நான் அப்படியில்லை. அவளைப் படுக்கவைத்து, மெத்தை எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்து அளந்தேன். சாய்ந்து உட்காரவைத்து, இடது கையை மடக்காமல் நீட்டச் சொல்லி அளந்தேன். முழங்கை எங்கே வருகிறது, விரல் எங்கே வருகிறது, எல்லாம் குறித்துக்கொண்டேன்.

"என்ன, பெட்டிக்கு அளவெடுக்கறீங்களா? காலைக் கொஞ்சம் மடக்கிக்கறேன், பலகை மிச்சமாகும்" என்றாள்.

"வாய மூடிட்டுப் படுடி" என்றேன். இருவரும் சிரித்தோம். இந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று அப்போது எனக்குத் தெரியாது.

பட்டறையில் கதவுக்கு அறுத்ததுபோக மிச்சமிருந்த தேக்குத் துண்டுகளை முதலாளியிடம் கேட்டு எடுத்துவந்தேன். வேலை முடிந்து வந்து, அவளுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டு, தினமும் மாலை வெளிச்சம் இருக்கும்வரை பின்கட்டில் உட்கார்ந்து செய்தேன். ஆணியே கிடையாது, எல்லாம் துளையும் நாக்குமாக அறுத்துப் பொருத்தியது. பெருக்குகிறவர்கள் ஒரு கையால் நகர்த்த வேண்டுமே என்று கால்களை மேலிருந்து கீழே மெலிந்துகொண்டே போகும்படி இழைத்தேன். மொத்த மேஜையையும் இரண்டு விரலில் தூக்கலாம். அந்த லேசுதான் எனக்குப் பெரிய பெருமை.

டிராயரில் என் வித்தை முழுவதையும் இறக்கினேன். விரல் வழுக்காத மரக்குமிழ். மொத்தமாக வெளியே வந்து மடியில் விழாதபடி உள்ளே ஒரு தடை. பக்கப் பலகைகளில் மெழுகுவத்தியைத் தேய்த்தேன். இழுத்தேன், தள்ளினேன், உப்புத்தாள் போட்டேன், மறுபடி இழுத்தேன். நூறு தடவைக்குக் குறையாது. வெண்ணெயில் கத்தி இறங்குகிறமாதிரி வந்தது.

வியாழக்கிழமை, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஒரு தடவ நான் இழுத்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"பாலிஷ் போடப் போறேன். கை படக்கூடாது."

"அதுக்கு முன்னாடிதான் கேக்கறேன்."

"வேல முடியாத பொருளை நான் யாருக்கும் காட்டறதில்ல. தெரியுமில்ல உனக்கு?"

தெரியும். இத்தனை வருஷத்தில் எந்த வாடிக்கைக்காரரையும் அரைகுறைப் பொருளைத் தொட நான் விட்டதில்லை. தொட்டால் குறை சொல்வார்கள். முடிந்தபின் கொடுத்தால் வாயைப் பிளப்பார்கள். அவளும் வாடிக்கைக்காரிபோல வாயைப் பிளக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கட்டின மனைவியிடம் போய்த் தொழில் ரகசியம் காத்த மகா புத்திசாலி நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேஜையைத் தலைமாட்டில், சுவரை ஒட்டி, அவளுடைய இடது பக்கம் வைத்தேன். டிராயரின் வாய் கால்மாட்டைப் பார்த்திருந்தது. குமிழைப் பிடித்து இடுப்புப் பக்கமாக இழுத்தால் போதும். கண்ணாடி, மாத்திரை, கைக்குட்டை, சீப்பு, போன் எல்லாவற்றையும் உள்ளே அடுக்கினேன். மேலே தண்ணீர் டம்ளர் மட்டும். அவள் தேக்கின் ரேகைகளை இடது கையால் தடவித் தடவிப் பார்த்தாள். "அழகா இருக்குங்க" என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். மகள் வந்த பிறகுதான் இழுக்க வேண்டும் என்று சொல்லிவைத்தேன்.

மகள் பத்து மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றியதும் அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டாள்.

டிராயர் செய்வதைப் போனிலேயே சொல்லியிருந்தேன். "எங்க, இழுங்க பாக்கலாம்" என்றாள்.

என் மனைவி குமிழைப் பிடித்து இழுத்தாள். டிராயர் வரவில்லை. மேஜைதான் வந்தது. வழுவழுத் தரையில் அதன் கால்கள் கிறீச்சென்று வழுக்கி, டம்ளர் கவிழ்ந்து, தண்ணீர் முழுவதும் அவள் மடியில் கொட்டியது.

"நேரா இழுக்கணும்" என்றேன். மேஜையைத் தள்ளிவைத்தேன். "மறுபடி இழு."

இழுத்தாள். இந்தத் தடவை மேஜை முன்பக்கமாகச் சாய்ந்தது. நான் தாவிப் பிடிக்காவிட்டால் அவள் கைமேலேயே விழுந்திருக்கும்.

"கோணலா இழுக்கற! கையில உசுரு இருக்கில்ல? மெல்ல இழுக்கத் தெரியாதா?"

"மெல்லத்தான்..."

"இன்னொரு தடவ!"

மூன்றாவது தடவையும் மேஜைதான் வந்தது. எனக்குக் கண் மண் தெரியவில்லை. ஆறு நாள் உழைப்பு, மகளின் முகம், வாசலில் நிற்கும் வண்டி, எல்லாம் சேர்ந்து மண்டைக்கு ஏறிவிட்டன.

"மூணு வயசுக் கொழந்தைகூட இழுக்கும்டி இத! உனக்காக ராவும் பகலும் சாகறேன், ஒரு டிராயர இழுக்க வணங்கலியா? இங்க இருக்க இஷ்டமில்லன்னா வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்!"

அவள் குமிழிலிருந்து கையை எடுத்து, ஈரமான மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாரு, எப்படி வருதுன்னு பாரு!" என்று நான் குமிழைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். வெண்ணெய்தான். தள்ளி, மறுபடி இழுத்தேன். "பாரு! எங்க சிக்குது? சொல்லு, எங்க சிக்குது?"

"அப்பா, அந்தக் கைய எடுங்க" என்றாள் மகள்.

"எந்தக் கைய?"

"மேஜை மேல வச்சிருக்கீங்களே, அந்தக் கைய."

குனிந்து பார்த்தேன். என் இடது கை மேஜைப் பலகையின்மேல் விரல் விரித்து உட்கார்ந்திருந்தது. நான் வைத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அதை எடுத்துவிட்டு வலது கையால் மட்டும் இழுத்தேன். மேஜை கிறீச்சென்று என்னை நோக்கி வந்தது.

பின்கட்டில் நூறு தடவை இழுத்தபோதும் அந்தக் கை அங்கேதான் இருந்திருக்கும். இத்தனை வருஷமும் ஒவ்வொரு டிராயரையும் நான் இரண்டு கையால்தான் திறந்திருக்கிறேன். ஒன்று இழுக்கும், இன்னொன்று பிடித்துக்கொள்ளும். நான் பெருமைப்பட்ட லேசுக்கு, பிடிக்கக் கை இல்லாவிட்டால் டிராயருக்கு முன் மேஜைதான் நகரும். ஒரு கைக்காரிக்கு இரண்டு கைக்காரன் செய்த மேஜை. அவளை வியாழக்கிழமை ஒரே ஒரு தடவை இழுக்க விட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். எனக்கு அங்கேயே செத்துவிடலாம்போல இருந்தது.

சாகவில்லை. டிரில்லை எடுத்துவந்தேன். மகள் அம்மாவுக்குத் துணி மாற்றட்டும் என்று வெளியே நின்று, அவள் முடித்ததும் உள்ளே போய், மேஜையின் பின்பக்கத்தில் இரண்டு இரும்புப் பட்டைகளை வைத்துச் சுவரோடு சேர்த்து முடுக்கினேன். பத்து நிமிஷ வேலை. வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையின் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தேன். மேஜை அசையவில்லை, டிராயர் வழுக்கிக்கொண்டு வந்தது.

"சரியாயிடுச்சு. இப்ப இழு" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்து, "அலமாரியில மேல் தட்டுல இருக்கற துணி மட்டும் போதும்" என்றாள்.

"ஏய், சரியாயிடுச்சுன்னு சொல்றேனில்ல? தப்பு எம்மேலதான். உம்மேல இல்ல. நாந்தான் முட்டாள்."

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

அவளுக்கு நீளமாகப் பேசுவது கஷ்டம். ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள்.

"இன்னிக்கி டிராயர். நாளைக்கி டம்ளர். அப்புறம் இந்தக் கையும் நடுங்கும். ஒவ்வொண்ணுலயும் நான் பாஸாகணும், இல்லன்னா நீங்க கத்துவீங்க. தெனமும் பரீட்ச எழுத என்னால முடியாதுங்க."

"இனிமே கத்த மாட்டேன். சத்தியமா."

"நீங்க கத்தினது பரவால்ல. இங்க இருக்க இஷ்டமில்லன்னு சொன்னீங்களே. அதுக்குத்தான் மனசு விட்டுப்போச்சு."

மகளைப் பார்த்தேன். எனக்காக ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று கெஞ்சித்தான் பார்த்தேன். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. "அம்மாவே சொல்லிட்டாங்கப்பா. வாதாட மாட்டேன்னு சொல்லியிருக்கீங்க" என்றபடி அலமாரியைத் திறந்தாள்.

சுவரிலிருந்து கொட்டியிருந்த தூளைத் துடைக்கிற சாக்கில் நான் தரையில் உட்கார்ந்தேன். மன்னிச்சுக்கோ என்று சொல்ல வேண்டும், வாய் வரவில்லை. எனக்கு எந்த வாதமும் கிடையாது. ஆனாலும் வரவில்லை.

மகள் ஒரு பையை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு மற்றதை வண்டியில் ஏற்றப் போனாள். அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். என் மனைவி இடது கையை நீட்டிக் குமிழைப் பிடித்து இழுத்தாள். டிராயர் சத்தமில்லாமல் திறந்தது. கண்ணாடியை எடுத்துப் பைக்குள் போட்டாள். பிறகு மாத்திரை, கைக்குட்டை, சீப்பு. போன் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கிடந்தது. விரலால் துழாவி அதையும் எடுத்தாள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

என்னைக் கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் கூப்பிடவில்லை. காலி டிராயரைத் தானே தள்ளி மூடிவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு மகளுக்காக வாசலைப் பார்த்தாள்.