ஸ்டூலில் உட்கார்ந்தவள் விலைபோன கதை

ஓவியரின் மனைவி விற்கப்பட்டது கண்காட்சியின் முதல் நாள் மாலையில். அவள் செய்ததெல்லாம் கால் கடுக்கிறதே என்று ஒரு ஸ்டூலில் உட்கார்ந்ததுதான். காலையிலிருந்து படச் சட்டங்களைத் துடைத்து, கணவருக்கு ஆணி எடுத்துக் கொடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் பலகாரத் தட்டேந்தி அலைந்துவிட்டுக் கடைசியில் அவருடைய பெரிய படத்துக்கு முன்னால் சுவரோரமாக ஒதுங்கினாள். அந்தக் கேலரியில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவர் கை நீட்டினால் போதும், விற்றுவிட்டது என்பதற்கு அடையாளமாக உதவியாளர் ஓடிப்போய்ப் பக்கத்துச் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளியை ஒட்டிவிடுவார். ஒட்டியது ஒட்டியதுதான், யார் வந்து சொன்னாலும் எடுப்பதில்லை. படம் வாங்க வந்திருந்த டைல்ஸ் முதலாளி ஒருவர் கை நீட்டியது அவளுக்குப் பின்னாலிருந்த படத்தை. வேலைக்குப் புதியவரான உதவியாளர் புள்ளியை ஒட்டியது அவள் காதுக்குப் பக்கத்தில். அந்தக் கணமே அவளுக்குக் கால்வலி நின்றது. கொஞ்ச நேரத்தில் பசியும் நின்றது. அதன்பிறகு அவள் எழுந்திருக்கவில்லை.

கேலரி நடத்தும் அம்மாள் பதறியடித்துக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்டார். டைல்ஸ் முதலாளி படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதுவே இருக்கட்டும். படம் எல்லார் வீட்லயுந்தான் தொங்குது" என்றார். அவருடைய தொழில் போட்டியாளர் வீட்டு ஹாலில் ஒரு பிரபல சிற்பி கொட்டிவைத்த செங்கல் குவியல் இருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. ஓவியரின் சிறுவயது மகள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். கை வந்தது, அம்மா வரவில்லை. "அழாதம்மா, ரெண்டு நாள்ல சரி பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டு ஓவியர் அசல் படைப்பு என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அதுவரை அவர் கையெழுத்திட்ட எதுவும் விற்றதில்லை. போட்டுவிட்டு மை காய வாயால் ஊதவும் செய்தார். ஊரில் சிலருக்கு இன்றைக்கும் அதில்தான் கோபம். பெரிய படம் அன்றே வீடு திரும்பி, மாடிப்படிக்குக் கீழே சுவரைப் பார்த்தபடி சாத்திவைக்கப்பட்டது.

அவளையும் ஸ்டூலையும், புள்ளியோடு பெயர்த்தெடுத்த சுவர்த் துண்டையும் மரப்பெட்டியில் வைத்து, நுரைப்பஞ்சு அடைத்துக் கொண்டுபோனார்கள். டைல்ஸ் முதலாளி வீட்டில் அவள் உடைக்குத் தோதாக சோபா உறைகள் மாற்றப்பட்டன. விருந்தாளிகள் அவளருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பார்த்தவர்களுக்கு வயிறு எரிந்தது. ஒரு டாக்டர் வீட்டில் சமையல்காரரை ஸ்டூலில் உட்காரவைத்துப் புள்ளி ஒட்டிப் பார்த்தார்கள். மதியம் ஆனதும் அவர் எழுந்து சாப்பிடப் போய்விட்டார். "அசல்னா அசல்தான்" என்று டைல்ஸ் முதலாளி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு விலை ஏறியதும் விற்றுவிட்டார். அடுத்து வாங்கியவர் பெட்டியைத் திறக்கவே இல்லை, கிடங்கில் போட்டு வைத்தார். ஒரே ஒருமுறை அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று மகள் போய் நின்றபோது, "தொறந்தா மதிப்பு கொறஞ்சிடும்மா" என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினார். இதற்குள் ஓவியருக்குப் புது வீடும் காரும் வந்திருந்தன. அடுத்து என்ன என்று எல்லோரும் அவரை அரித்தெடுத்தார்கள். "பொண்ணும் ஒரு ஓரமா உக்காந்தா ஜோடியா அமையும் சார்" என்றார் கேலரி அம்மாள். மறுநாள் ஓவியர் மகளுக்குப் புது உடை வாங்கி வந்தார். அவள் அதைப் பிரிக்காமல் கட்டில்மேல் வைத்துவிட்டுச் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். அதன்பின் ஆட்கள் கூடுகிற எந்த இடத்திலும் அவள் உட்கார்ந்ததில்லை.

பல வருஷம் கழித்துக் கடைசியில் அரசு அருங்காட்சியகம் அம்மாவை வாங்கியது. மகள் அங்கே காவலாளியாகச் சேர்ந்தாள். காவலாளிகள் உட்காரக் கூடாது என்பது அங்கே விதி. மற்றவர்கள் முணுமுணுப்பார்கள், இவளுக்கு அது வசதியாகப் போயிற்று. அம்மாவுக்கு வயதே ஆகவில்லை. அன்று மாலை நெற்றியில் விழுந்த முடிக்கற்றை இன்னும் அப்படியே கிடந்தது. இப்போது பார்க்கிறவர்களுக்கு இருவரும் அக்கா தங்கை போலத் தெரிந்தார்கள், அதில் மகள்தான் அக்கா. சேர்ந்த புதிதில் ஒருநாள், கூட்டம் கலைந்ததும் மகள் அந்தப் புள்ளியை நகத்தால் சுரண்டினாள். இத்தனை வருஷமாக அவள் காத்திருந்தது அதற்காகத்தான். புள்ளி சுலபமாகவே வந்துவிட்டது. அம்மா எழுந்திருக்கவில்லை. மகள் சிறிது நேரம் அதை விரல்நுனியில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. பிறகு புள்ளியை இருந்த இடத்திலேயே ஒட்டினாள்.

அம்மா பேசியது அதற்கடுத்த மழைக்காலத்தில், கதவு சாத்தும் நேரத்தில்.

"கால் வலிக்குதா?"

"வலிக்குதும்மா."

"ரொம்பவா?"

"ரொம்ப."

"நல்லது. உக்காந்துடாதே."

அன்றிலிருந்து தினமும் அதே நேரத்தில் அதே கேள்வி. நிர்வாகம் விவரப் பலகையில் 'மாலையில் பேசும்' என்று ஒரு வரி சேர்த்தது. பேச்சு சத்தமாகக் கேட்கவில்லை என்று சிலர் புகார் சொன்னார்கள், மற்றபடி யாரும் ஆச்சரியப்படவில்லை. மகள் பஸ்ஸில் நின்றபடியே வீடு போய், வெந்நீரில் கால்களை வைப்பாள். வலி முழுதாக இறங்குவதற்குள் எடுத்துவிடுவாள்.