ஒழுகும் பக்கம்

"பாத்தாச்சுல்ல? நீ உங்க வாசல் வழியா வா." சவப்பெட்டியின் மூடியைக் கையில் பிடித்தபடி மூத்தவர் தம்பி மனைவியிடம் சொன்னார்.

பெட்டிக்குள் அவருடைய தம்பி கிடந்தான், தச்சன். உள்ளே விரித்திருந்த வெள்ளைத் துணி அவன் மனைவி தைத்தது. தையலில் மூத்தவருக்குக் குறையில்லை. தைத்தவள் கொத்தனார் மகள் என்பதுதான் கல்யாண நாளிலிருந்தே அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

பேராலயத்துக்கு அந்தக் காலத்தில் கொத்தனார்கள் சுவர் எழுப்பினார்கள், தச்சர்கள் கூரை போட்டார்கள். ஆயர் ஒருவர், பீடம் ஒன்று. வாசல் மட்டும் இரண்டு. வடக்கே கொத்தனார்கள், தெற்கே தச்சர்கள். நடுப்பாதையை யாரும் தாண்டக் கூடாது. கட்டிக்கொடுத்த பெண்ணும் பிறந்த பக்கம்தான் உட்கார வேண்டும், புருஷன் பிணமாகக் கிடந்தாலும்.

இந்த மழைக்கு இருபக்கமும் ஒழுகியது. வடக்கே ஊற்றியது. சுவர்க்காரர்கள் வந்து கெஞ்சட்டும் என்று தச்சர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இவன் மட்டும் ஏறினான். வடக்கே அடைத்து முடித்து, தெற்கே பழைய பலகையைப் பிரித்தபோது கால் வழுக்கி விழுந்துவிட்டான்.

பொண்டாட்டி வீட்டுக்குக் குடை பிடிக்கப் போனான் என்றது அவன் தெரு. அவள் தெருவிலிருந்து ஒரு மாலைகூட வரவில்லை. பிரித்த இடத்தை மூட அதன்பிறகு ஒருவரும் ஏறவுமில்லை.

பூசை பாதியில் மழை பிடித்துக்கொண்டது. அவள் வடக்கே அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே புதுப் பலகைகள், ஒரு சொட்டு இல்லை. எதிரே, பெட்டியின் மூடிமேல் தண்ணீர் விழுந்து தெறித்துக்கொண்டிருந்தது.

எழுந்தாள். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு நடுப்பாதையைத் தாண்டிப்போய், பெட்டிக்கருகே ஈரத் தரையில் உட்கார்ந்தாள். பாட்டு நின்றுபோயிற்று. குருவானவர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மூத்தவர் குனிந்து பல்லைக் கடித்தார். "மானத்த வாங்காத. உன் பக்கத்துக்குப் போ."

"அங்க ஒழுகல மாமா," என்றாள், நிமிராமல். "உங்க தம்பி அடைச்சிட்டாரு. எடம் காலியாத்தான் இருக்கு, நீங்க வேணா போய் உக்காருங்க."

மூத்தவர் வடக்கே பார்த்தார். அவள் எழுந்துவந்த இடம் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் அவள் அம்மா கொஞ்சம் விரிந்து உட்கார்ந்து அதையும் அடைத்துக்கொண்டாள்.

மழை வலுத்தது. தச்சர்கள் தலையிலிருந்து நீர் வடிய, ஒருவர் பாக்கியில்லாமல், தங்கள் பக்கத்திலேயே முழங்காலிட்டார்கள்.