வாஸுக்குச் சுருக்கம் இல்லை

நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மேல்கமா டீச்சர். ஆங்கில எழுத்துகளின் தலைக்கு மேல் தொங்கும் அந்தக் குட்டிக் கோட்டை யாராவது விட்டுவிட்டால் போதும், அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். தண்டனை எப்போதும் ஒன்றுதான்: பத்து தடவை எழுத வேண்டும். அழுதாலும் ஒன்பதாகக் குறையாது.

ஆனால் பாடம் நடத்தினால் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள்.

"ரெண்டு வார்த்தை கைகோத்துக்கிட்டு ஓடும்போது நடுவுல ஒரு எழுத்து தடுக்கி விழுந்துடும். விழுந்த இடத்துல வைக்கிற அடையாளம்தான் மேல்கமா. 'ஷீ இஸ்' ஓடினா 'ஷீஸ்' ஆயிடும்."

"அடிபட்டிருக்குமா மிஸ்?" என்றான் கடைசி பெஞ்சுக்காரன். வகுப்பே சிரித்தது.

சிரிக்காதவள் சிட்டு மட்டும்தான். போன வருடம் வரை வாய் ஓயாத பெண். விடுமுறை முடிந்து வந்ததிலிருந்து இருக்கும் இடம் தெரியவில்லை. ஒரு வழியாகப் பொறுப்பு வந்துவிட்டது என்று டீச்சர் உள்ளூர மகிழ்ந்துகூட இருந்தார்.

வீட்டில் ஒருவரைப் பற்றிச் சுருக்கச் சொற்களை வைத்து ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னபோது சிட்டு கையைத் தூக்கினாள்.

"மிஸ், 'ஷீ வாஸ்' சுருக்கினா என்ன?"

"அதுக்குச் சுருக்கம் கிடையாது."

"ஏன் மிஸ்?"

"கிடையாதுன்னா கிடையாது. போர்டுல இருக்கறதை மட்டும் எழுது."

அன்று மதியம் ஆசிரியர் அறையில் முப்பத்தெட்டு நோட்டுகள் காத்திருந்தன. டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. சிட்டுவின் நோட்டில் அம்மா உயரமாக இருந்தாள், அம்மா வேடிக்கையாகப் பேசினாள், அம்மா பல்லிக்குப் பயந்தாள் என்று ஐந்து வாக்கியம். ஐந்திலும் 'ஷீ வாஸ்'. படித்துப் படித்துச் சொல்லியும் இப்படியா என்று டீச்சருக்குச் சுருக்கென்றது. ஐந்து 'வாஸ்'களையும் சிவப்பு மையால் அடித்து, மேலே 'ஷீஸ்' என்று எழுதி, கீழே பத்து தடவை என்று போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்தார்.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே சிட்டுவின் அப்பா வந்து நின்றார். பேருந்து ஓட்டுநர். சீருடையோடு வந்திருந்தார். கையில் மகளின் நோட்டு.

"அஞ்சு நிமிஷம் பேசலாமா டீச்சர்? எட்டரைக்கு வண்டி எடுக்கணும்."

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்த டீச்சர் முந்திக்கொண்டார். "சுருக்கம் போட்டு எழுதுன்னு சொன்னேங்க. இவ எல்லாத்தையும் இறந்தகாலத்துல எழுதி வச்சிருக்கா..."

"ஆமா டீச்சர்," என்றார் அவர். "இவ அம்மா லீவுல தவறிட்டா. காய்ச்சல்னு சேர்த்தோம். நாலே நாள்."

டீச்சர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பள்ளி திறந்த அன்றே இந்தச் செய்தி எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்லப்பட்டிருந்தது. அன்று அவர் பல்வலி என்று விடுப்பு எடுத்திருந்தார். அதன்பிறகு, அவருக்கும் தெரிந்திருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

"மன்னிச்சிடுங்க. எனக்குச் சத்தியமா..."

"உங்களைக் குறை சொல்ல வரல." அவர் நோட்டைத் திறந்தார். பத்து தடவை இல்லை. கடைசிப் பக்கம் வரை 'ஷீஸ்', 'ஷீஸ்' என்று எழுதியிருந்தாள். மேல்கமா ஒன்றுகூட விடுபடவில்லை. "அவ போனதுலேருந்து புள்ள அழவும் இல்ல, பேசவும் இல்ல. நேத்து இதை எழுதும்போது சிரிச்சா டீச்சர். 'டீச்சரே இப்படித்தான் எழுதணும்னு சொல்லிட்டாங்கப்பா'ன்னா. இல்லம்மான்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க சொன்னா கேப்பா. நீங்களே சொல்லிடுங்க."

நோட்டை மேஜையில் வைத்துவிட்டு அவர் வேகமாகப் படியிறங்கிப் போனார்.

முதல் பாடவேளையில் நூலகத்தில் யாரும் இல்லை. டீச்சர் சிட்டுவை அங்கே அழைத்துப்போய் எதிரே ஒரு குட்டி நாற்காலியில் தானும் ஒடுங்கி உட்கார்ந்தார்.

"கண்ணு, நீ எழுதினது சரி. நான் திருத்தினதுதான் தப்பு."

சிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப 'ஷீஸ்' தப்பா மிஸ்?"

"தப்பும்மா."

"பல்லிக்குப் பயந்தாங்கங்கறதும்?"

"அதுவும் வாஸ்தான்."

சிட்டுவின் உதடு கோணியது. அப்புறம் உடைந்தாள். அந்தச் சின்ன உடம்புக்குள் அத்தனை அழுகையும் எங்கே கிடந்ததோ. டீச்சர் கட்டிக்கொள்ளப் போனபோது இரண்டு கையாலும் தள்ளிவிட்டாள். தள்ளிய கையைப் பிடித்துக்கொண்டு டீச்சரும் அழுதார். கதவருகே வந்த தலைமையாசிரியை ஒன்றும் கேட்காமல், நான்காம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளத் தானே போனார்.

அதற்குப் பிறகு யாருக்கும் பத்து தடவை கிடையாது. ஏன் என்று பிள்ளைகளும் கேட்கவில்லை. கேட்டு வினையை விலைக்கு வாங்குவானேன்! சிட்டு அப்பாவிடம் பேசினாள், தோழிகளிடம் பேசினாள். டீச்சரிடம் மட்டும் பேசவில்லை. அவர் பக்கத்தில் வந்தால் பையைத் துழாவ ஆரம்பித்துவிடுவாள். டீச்சர் அதைப் பொறுத்துக்கொண்டார். அம்மாவை ஒரு மாலைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுநாளே பிடுங்கிக்கொண்டவர் அவர்தானே.

மூன்று வாரம் போனது. குழப்பும் சொற்கள் பாடம் வந்தது. 'லூஸ்' என்று டீச்சர் கரும்பலகையில் எழுதியதுமே வகுப்பு கொல்லென்று சிரித்து, கடைசி பெஞ்சுக்காரனைத் திரும்பிப் பார்த்தது. ஒற்றை ஓ போட்டால் இழப்பது, இரட்டை ஓ போட்டால் தொளதொளவென்று இருப்பது என்று விளக்கிவிட்டு, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார்.

நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே போனவர் சிட்டுவின் பெஞ்சில் நின்றுவிட்டார். அம்மாவின் குரலை இழக்க எனக்கு விருப்பமில்லை என்று எழுதியிருந்தாள். 'டோன்ட்' மேல் மேல்கமா ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. 'லூஸ்' மட்டும் இரட்டை ஓ.

சிவப்புப் பேனாவை மூடினார். அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு சிட்டுவின் பென்சிலை எடுத்து, ஒரு ஓவுக்கு அடியில் லேசாகப் புள்ளி வைத்தார். சிட்டு பார்த்தாள். ரப்பரால் அழித்தாள். தூளை ஊதினாள்.

"இப்ப சரியா மிஸ்?"

"சரிம்மா." டீச்சர் பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்தார். "அம்மா குரல் எப்படி இருக்கும்?"

சிட்டு கொஞ்சம் யோசித்தாள். முகவாயைத் தூக்கி, தன் குரலைவிடத் தடித்த ஒரு குரலில், இழுத்து இழுத்துச் சொன்னாள்: "மணி ஏழாச்சுடி மகாராணி, ஜடை போடணும், வா வா வா..."

முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிட்டு இன்னொரு தடவை சொன்னாள்.