ரோசமண்டின் ஜன்னலுக்கு நேரே ஒரு சுவர்

கிழிந்த பூட்ஸோடு ஊரைவிட்டு நடந்து போன ஜேபஸ், திரும்பி வந்தது சொந்தக் குதிரை வண்டியில். யார்க்ஷயர் மேட்டுநிலத்தில் அவனும் நானும் ஒரே பண்ணையில் வேலை பார்த்தவர்கள். அவன் குதிரை லாயத்தில். நான் கல்சுவர் அடுக்குபவன். பண்ணைக்காரர் மகள் ரோசமண்ட் மேல் அவனுக்கு அப்போதே பித்து. அவள் ஒரு கனவானைக் கட்டிக்கொண்ட அன்றைக்கே கிளம்பிவிட்டான். அமெரிக்கச் சண்டைக்குப் போன சிப்பாய்களுக்குக் கம்பளி விற்றுப் பணக்காரனானான்.

அதற்குள் அந்தக் கனவான் நிலத்தையெல்லாம் சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டுச் செத்தும் போயிருந்தார். ரோசமண்டுக்கு மிஞ்சியது வீடு மட்டும். பக்கத்து நிலத்தை வாங்கிப்போட்ட ஜேபஸ் என்னைக் கூப்பிட்டான்.

"அவ மேற்கு ஜன்னலுக்கு நேரா உசரமா ஒரு சுவர் எழுப்பு. சூரியன் மறையறது அவளுக்குத் தெரியக்கூடாது."

"ஏம்ப்பா, இங்க சூரியனே என்னைக்கோ ஒரு நாள்தான் வருது."

"அந்த ஒரு நாளும் தெரியக்கூடாது."

எழுப்பினேன். மேல்காற்று அடங்கியது. அவள் வீட்டு அடுப்புப் புகை முதல் முறையாக ஒழுங்காக மேலே போயிற்று. கோழிகள்கூட முட்டையிட்டன. நன்றி சொல்லி ஓட்ஸ் ரொட்டி அனுப்பினாள். ஜேபஸ் அதை நாய்க்குப் போட்டான். பிறகு நாயிடமிருந்து பாதியைப் பிடுங்கித் தானே தின்றான்.

"இடிச்சுடு," என்றான்.

இடித்தேன். அடுத்த புயலில் அவள் கூரை ஓடு பாதி பறந்தது. மறுநாள் காலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நேரே அவன் வாசலுக்கு வந்துவிட்டாள்; நான் அங்கே கல் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"சுவரை ஏன் கட்டினே, ஏன் இடிச்சே? உனக்கென்ன கிறுக்கா?"

அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டுமென்று கண்ணாடி முன் எத்தனையோ நாள் பழகியிருந்தான். வாயில் வந்ததோ பழைய பண்ணையாள் பேச்சுதான், "பழி வாங்கத்தான், சின்னம்மா."

"எதுக்குப் பழி?"

"என்னை வேண்டாம்னுட்டு அவனைக் கட்டிக்கிட்டீங்களே."

"நீ கேக்கவே இல்லையேடா. லாயத்துல நின்னு முறைச்சுக்கிட்டே இருப்பே. பல்வலின்னு நெனச்சேன்."

ஜேபஸ் என்னைப் பார்த்தான். நான் கல்லைப் பார்த்தேன்.

"கேட்டிருந்தா?" என்றான்.

"எங்கப்பா நாயை ஏவி விட்டிருப்பார். நானும் சிரிச்சிருப்பேன். அது என் தப்புன்னே வச்சுக்கோ. அதுக்காக, கேக்காமலே கோவிச்சுக்கிறதா?"

ஜேபஸ் பட்டு வெய்ஸ்ட்கோட்டோடு ஏணியை எடுத்துக்கொண்டு போனான். அவள் வீட்டுக் கூரையில் ஓடு பதித்தான். ஈரத்தில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். தூக்கிப் போக முடியாததால் அவள் வீட்டுக் கூடத்திலேயே கிடத்தினோம். குளிர்காலம் முழுக்க அங்கேதான். கஞ்சியில் உப்பில்லை என்பான். "எழுந்து போய்ப் போட்டுக்கோ," என்பாள்.

பனி உருகியதும் ஒருநாள், நான் கணப்புக்குக் கரி கொண்டு போயிருந்தபோது, அவளிடம் ஒருவழியாகக் கேட்டே விட்டான். அவள் பின்னிக்கொண்டிருந்த காலுறையை முடித்து, அவன் நல்ல காலில் மாட்டிப் பார்த்து, அளவு சரிதான் என்றாள். பிறகு, "சரி," என்றாள்.