மரம் வைக்கக் கூடாத நிலம்

"பிடுங்கிடுங்க மதினி. நீங்க வைக்கல, நான் பாக்கல. அதோட முடிஞ்சுது."

"பாக்கலயா? இவ்வளவு பெரிய கண்ணை வெச்சுக்கிட்டா? உங்கண்ணன் சொல்வாரு, என் தம்பிக்கு வறுத்த மீன்னா கண்ணு தெரியும், வேலைன்னா தெரியாதுன்னு."

சோமோயே குந்தியபடி மணலைக் குவித்துக்கொண்டிருந்தாள். மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே, பாதி புதைத்த தேங்காய் நெற்றிலிருந்து தென்னங்கன்று ஒன்று விரல் உயரத்துக்குக் குருத்து விட்டிருந்தது. அவள் கணவனின் தம்பி சாந்தே, காவல்காரர்களுக்கான மஞ்சள் மேலங்கியோடு அவள் எதிரில் நின்றான். எரிவாயு ஆலைக்காக எடுத்த இந்த நிலத்துக்கு அவன்தான் காவல்.

சுற்றிலும் தென்னை அடிக்கட்டைகள் வரிசையாகக் கிடந்தன. அதில் ஒரு பகுதி சோமோயேயின் தோப்பு. ஆலை வேலை தொடங்கப் போகிறது என்று எல்லாவற்றையும் அறுத்துத் தள்ளினார்கள். பிறகு அரசாங்கத்துக்கும் கம்பெனிகளுக்கும் பேச்சு முறிந்தது. கூடியது. மறுபடி முறிந்தது. நிலம் அப்படியே கிடந்தது. பேச்சு முடியும்வரை பழைய ஆட்கள் வந்து மரவள்ளியோ எள்ளோ தட்டைப்பயறோ போட்டுக்கொள்ளலாம் என்று நில அலுவலகம் விட்டிருந்தது. மரம் மட்டும் வைக்கக் கூடாது. இந்த லிண்டிக் கடற்கரையில் மரம் யாருடையதோ அவருடையதுதான் மண். அது அலுவலகத்துக்கும் தெரியும்.

"காலையில ரேடியோ கேட்டியா?" என்றாள் சோமோயே.

"கேட்டேன். திரும்பப் பேசப் போறாங்களாம். பழைய ஒப்பந்தம் நாட்டுக்குக் கட்டாதாம். வரி கூடணுமாம், பங்கு கூடணுமாம். நாளைக்கு ரெண்டு பக்கத்து ஆளுங்களும் இடம் பாக்க இங்க வர்றாங்க. அதான் சொல்றேன், பிடுங்குங்க."

"அவங்க போட்ட கையெழுத்தை அவங்க அழிச்சு எழுதலாம். தோப்பைக் குடுத்து நான் வெச்ச கைரேகை மட்டும் கல்லுல வெட்டினதா?"

"மதினி, என் வேலை போயிடும். உங்க ஓரகத்தி என்னை வீட்டுக்குள்ள விட மாட்டா."

"இப்ப மட்டும் விடுறாளாக்கும்." அவள் சிரித்தாள். பிறகு கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். "நான் வெச்சதை நான் பிடுங்க மாட்டேன். உனக்கு வேணும்னா நீ பிடுங்கு. உன் கையால."

சாந்தே குனிந்து குருத்தைத் தொட்டான். அடுத்தவர் தென்னையில் கை வைத்தவன் வீட்டுச் சோற்றை இந்தக் கரையில் யாரும் உண்பதில்லை. அவன் கையை எடுத்துக்கொண்டான்.

மண் சாலையில் வெள்ளை ஜீப் வரும் சத்தம் கேட்டது. சாந்தே பதறி, ஒடித்துப் போட்டிருந்த மரவள்ளித் தண்டுகளை அள்ளிக் கன்றின் மேல் போட்டான். சோமோயே அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"மதினி!"

"வெயில் படட்டும்."

நில அலுவலக அதிகாரி மகோம்பே இறங்கி வந்தார். தோப்புக்கு விலை குறித்தவரும் அவர்தான். எஞ்சினை அணைக்காத வண்டியின் மேல் டிரைவர் சாய்ந்து நின்றான். மகோம்பேயின் பார்வை மரவள்ளி மேல் ஓடி, குருத்தில் நின்றது.

"சோமோயே அம்மா, மரம் கூடாதுன்னு சொல்லித்தானே விட்டோம்?"

"சொன்னீங்க. ஆறே மாசத்துல வேலை ஆரம்பிக்கும், உங்க மகனுக்கு வேலை கிடைக்கும்னும் நீங்கதான் சொன்னீங்க. அப்ப உங்க தலையில ஒரு நரை இல்ல."

டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சிரிப்பில் அவன் தோள் குலுங்கியது.

"பேச்சு நடக்குதும்மா. நாட்டுக்கு நல்ல விலை கிடைக்க வேணாமா? உங்களுக்காகத்தான் பேசுறாங்க."

"நல்லா இழுத்துப் பேசட்டும். விட்டுக்குடுக்காம பேசட்டும். நானும் அதைத்தானே செய்றேன்? காய்ச்சுக்கிட்டு நின்ன தோப்பைக் கிழட்டு மரம்னு எழுதுனீங்க. அந்த விலை எனக்குக் கட்டல. எங்கிட்டயும் திரும்ப உக்காந்து பேசுங்க."

"அதுக்கு மனு குடுக்கணும்."

"குடுத்துப் பாத்தாச்சு. அதான் மரம் வெச்சிருக்கேன்."

மகோம்பே கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சாந்தேயைப் பார்த்தார். "பிடுங்கு."

சாந்தே அசையவில்லை.

"உனக்குத்தான் சொல்றேன். வேலை வேணுமா வேணாமா?"

"வேணுங்க." அவன் மேலங்கிப் பொத்தானில் கை வைத்தான். "ஆனா இது என்னால ஆகாதுங்க."

மேலங்கியைக் கழற்றினான். உள்ளே சட்டை தோளருகே கிழிந்திருந்தது. மேலங்கியை மடித்து, எண் எழுதிய எல்லைக்கல்லின் மேல் வைத்து, பறக்காமலிருக்கத் தன் தடியையும் அதன் மேல் வைத்தான். வந்து மதினி பக்கத்தில் நின்றுகொண்டான்.

சோமோயே அவனைத் திரும்பிப் பார்த்தாள். "மடையா," என்றாள் மெதுவாக. "உன் பொண்டாட்டி இப்ப என்னையும் சேத்துல்ல அடிப்பா."

"சேந்தே வாங்குவோம்."

மகோம்பே டிரைவரைப் பார்த்தார். அவன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்திருந்தான். மகோம்பே கால்சட்டையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு தானே குனிந்து, குருத்தை அடியோடு சேர்த்துப் பிடித்தார். ஒரு வண்டு அவர் விரல் மேல் ஏறி, இறங்கிப் போனது.

"உங்களுக்கு எந்த ஊருங்க ஐயா?" என்றாள் சோமோயே.

அவர் நிமிரவில்லை. "டாங்கா."

"அங்கயும் கடல்தானே. அங்கயும் தென்னைதானே."

அவர் கை குருத்திலேயே இருந்தது, இழுக்கவில்லை. அவருக்குப் பின்னால், வரப்போகும் ஆலையின் படம் வரைந்திருந்த தகரப் பலகையில் சாயம் முழுவதும் வெளுத்துப்போய் ஆணிகள் மட்டும் தெரிந்தன. அதன் அடியிலிருந்து கடல்வரை அடிக்கட்டைகள்.

சோமோயே சாலைக் குழாயிலிருந்து சுமந்து வந்திருந்த மஞ்சள் கேனின் மூடியைத் திருகித் திறந்து, அவர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள்.

"குனிஞ்சதுதான் குனிஞ்சீங்க. காலையிலருந்து அதுக்குத் தண்ணி இல்ல. கொஞ்சம் ஊத்திட்டுப் போங்க, ஐயா."