செத்த செல்களின் வெளிச்சம்

மெலே கொண்டுவந்த பாவ்லோவா கேக்கில் இரண்டு துண்டு தின்றுவிட்டுத்தான் நெரிடா அந்தக் கேள்வியைக் கேட்டாள். வயிற்றெரிச்சல்காரிக்குப் பசி மட்டும் குறைவதில்லை. அவர்கள் வேலைசெய்த பிரிஸ்பேன் நகர ஆய்வகத்தில் நல்ல முடிவு கிடைத்தவர் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குக் கேக் கொண்டுவர வேண்டும். அன்று மெலேயின் முறை.

மெலே டோங்காத் தீவுக்காரி. கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்களைச் சிவப்பாக ஒளிரவைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. காயத்தை ஆற்றும் ஸ்டெம் செல்லுக்குள் அந்தத் துகளை ஏற்றி, காலில் அடிபட்ட எலிக்கு ஊசி போட்டால், செல் எங்கே இருக்கிறது என்று கேமரா காட்டிக்கொடுக்கும். மாதக்கணக்காகியும் எலியின் காலில் வெளிச்சம் மங்கவில்லை. செல்கள் பிழைத்துக்கொண்டன என்று ஆய்வகமே கொண்டாடியது. அங்கே காலியாக இருந்ததோ ஒரே ஒரு நிரந்தர வேலை. அதற்காகத்தான் நெரிடா வருடக்கணக்கில் தவம் கிடந்தாள்.

அவள் சும்மா இருக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் அதே செல்களுக்குத் துகளை ஏற்றி, அவற்றைக் கொன்று, வேறு எலிகளுக்குப் போட்டாள். அந்தக் கால்களும் அதே அழகில் ஒளிர்ந்தன. செல் செத்தால் உடம்பின் துப்புரவு செல்கள் அதைத் தின்றுவிடும். துகளுக்குச் சாவில்லை, தின்றதன் வயிற்றில் கிடந்து ஒளிரும். ஊரே கொண்டாடிய வெளிச்சம் பிணந்தின்னிகளின் வெளிச்சமாக இருக்கலாம். இதை மெலேயின் காதில் முன்பே போட்டுவைத்திருக்கலாம். போட்டால் அவள் நெரிடாவா?

மெலே கடைசிப் படத்தைக் காட்டி முடித்ததும் நெரிடா விரலைத் துடைத்துக்கொண்டாள்.

“செத்த செல்லப் போட்டுப் பாத்தியாடி கண்ணு?”

மெலே இல்லையென்றாள்.

“நான் பாத்தேன்.” நெரிடா தன் படங்களைத் திரையில் போட்டாள். “உன் எலி எது, என் எலி எதுன்னு சொல்லு பாப்போம். சொல்லிட்டா வேலைய நீயே எடுத்துக்கோ.”

யாரோ சிரித்தார்கள். மெலேயின் முகம் பேயறைந்தது போலானது. நெரிடாவுக்கு அது தித்தித்தது.

அழுவாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மெலே அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். குரலில் குத்தல்கூட இல்லை.

“நீ சொல்றது சரிதான் நெரிடா. அப்ப உன் இதயப் பேப்பர்? அதுலயும் வெறும் வெளிச்சத்த வச்சுத்தானே செல் உயிரோட இருக்குன்னு எழுதின?”

நெரிடாவுக்குப் பேர் வாங்கித் தந்த கட்டுரை அது. வேறு சாயம், வேறு உறுப்பு, அச்சேறிப்போன சங்கதி. அதையும் இதையும் முடிச்சுப் போட அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா? அதில் ஆய்வகத் தலைவர் ரஸ்ஸின் பெயரும் இருந்தது. அதைக் காட்டித்தான் அவர் ஆய்வகத்துக்கே நிதி வாங்கியிருந்தார்.

ரஸ் மற்றவர்களை வெளியே அனுப்பினார். கோபப்படவில்லை; அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. செத்த செல் சோதனை எதுவும் இங்கே நடக்கவில்லை என்றார். அனுமதியில்லாமல் எலியைத் தொட்டதற்கு நெரிடாவை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்ப முடியும் என்பதை நினைவூட்டினார். வெளியே நிற்பவர்களுக்கும் அந்த நிதியில்தான் சம்பளம், அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். மெலேயின் படங்கள் அப்படியே அச்சுக்குப் போகும், நிரந்தர வேலையும் அவளுக்கே என்றார்.

“நீயும் வாயத் திறக்க மாட்டல்ல மெலே?”

மெலே தரையைப் பார்த்தாள். முடியாது என்று சொல்லித் தொலையேன் என்று நெரிடா மனதுக்குள் கெஞ்சினாள். மெலே மறுத்தால் ரஸ்ஸால் எதையும் மூடி மறைக்க முடியாது. தான் சற்றுமுன் கிழித்துப் போட்டவளின் நேர்மையைத் தவிர அவளுக்கு இப்போது வேறு கதி இல்லை.

“மாட்டேன்,” என்றாள் மெலே.

“அப்ப அழிச்சிடு,” என்றார் ரஸ் நெரிடாவிடம்.

பொறாமையில் செய்ததுதான், ஆனாலும் அந்த ஆய்வகத்தில் நெரிடா ஒழுங்காகச் செய்த ஒரே சோதனை அது. ஒவ்வொரு படமாக அழித்தாள். மெலே பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கீழ ஒரு எலி விட்டுப்போச்சு பாரு,” என்று திரையின் அடியில் விரலை நீட்டிக் காட்டினாள்.